நாட்பட்ட இருமலும் அதன் பரிகாரமும்

நெற்பயிரின் இலை மஞ்சளித்தால் அநுபவமுள்ள குடியானவர் உடனே உரமூட்டையை அவிழ்ப்பதில்லை. வயலில் இறங்கி, மஞ்சளிப்பு முதிர்ந்த இலையில் தொடங்கியதா, இளங்குருத்தில் தொடங்கியதா என்று நோக்குகிறார். நீர் வடியாமல் தேங்கி நிற்கிறதா என்று பார்க்கிறார். ஒரு தூரைப் பிடுங்கி வேரைச் சோதிக்கிறார். தழைச்சத்துக் குறைவு, துத்தநாகச் சத்துக் குறைவு, வடிகாலின்மை, பூச்சி, நச்சுநோய் ஆகிய பலவும் ஒரே மஞ்சள் நிறத்தையே வெளியிற் காட்டுமாதலால், காரணம் இன்னதென்று அறியாமல் இடும் உரம் வீண் என்பது அவருக்கு நன்கு தெரியும். அத்தகைய குடியானவரே, தம் வீட்டில் ஒருவர் மூன்று மாதமாக இருமிக்கொண்டிருக்கையில், காரணம் யாதென்று விசாரியாமல், கடையில் ஒரு புட்டி இருமல் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். பயிரினிடம் காட்டும் விவேகத்தை உடலினிடமும் காட்டவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வஜாக்கிரதையால் விளையும் நஷ்டம் சிறிதன்று. முதல் மாதம் கஷாயத்திலும், இரண்டாம் மாதம் கடைமருந்திலும், மூன்றாம் மாதம் யாரோ சொன்ன நான்கு நாள் மாத்திரையிலும் கழிகின்றன. நான்காம் மாதத்தில் கோழையில் இரத்தம் கண்ட பின்னரே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறார்கள். அதற்குள் நோயாளியின் நுரையீரல் பெரிதும் பழுதுபட்டு விடுகிறது. அவரோடு ஒரே அறையில் படுத்துறங்கிய குழந்தைகளுக்கும் நோய் தொற்றியிருத்தல் கூடும். முதல் மாதத்தில் ஒரு சிறு சோதனை செய்திருந்தால் இவ்வளவும் தவிர்க்கப்பட்டிருக்கும்.

இருமலின் இயல்பு

இருமல் தனியே ஒரு வியாதியன்று. அது ஓர் அடையாளம். மூச்சுக்குழலின் உட்புறத்தில் மிக நுண்ணிய நரம்பு நுனிகள் பரவியுள்ளன. தூசி, புகை, கோழை, கிருமியால் உண்டாகும் புண், வயிற்றிலிருந்து மேலெழும் புளித்த நீர் ஆகிய எது அவற்றைத் தீண்டினும், அச்செய்தி மூளைக்குச் செல்கிறது. உடனே நாம் ஆழ்ந்து மூச்சிழுக்கிறோம். குரல்வளை இறுக மூடிக்கொள்கிறது. மார்பிலும் வயிற்றிலுமுள்ள தசைகள் சுருங்கிக் காற்றை நெருக்குகின்றன. பின்னர்க் குரல்வளை சட்டென்று திறக்க, காற்று மிகுந்த வேகத்துடன் பாய்ந்து உள்ளிருந்த அழுக்கை வெளியேற்றுகிறது. எனவே இருமல் நமக்கு ஒரு காவலாளியாகும். காவல்நாய் இடைவிடாது குரைக்குமாயின், எதைக் கண்டு குரைக்கிறதென்று விளக்கை எடுத்துக்கொண்டு பார்ப்பதே முறை. நாயின் வாயைக் கட்டுவதனால் கள்வன் போய்விடமாட்டான்.

மருத்துவர்கள் இருமலைக் காலத்தைக்கொண்டு பகுக்கின்றனர். 3 வாரத்துக்குள் அடங்குவது குறுங்கால இருமல், பெரும்பாலும் ஜலதோஷத்தால் வருவது, தானே தீரும். 3 முதல் 8 வாரம் வரை நீடிப்பது இடைக்கால இருமல். 8 வாரத்தைக் கடந்தது நாட்பட்ட இருமல். குழந்தைகளுக்கு 4 வாரம் கடந்தாலே அது நாட்பட்டதாகும். எனினும் க்ஷயரோகம் மிகுந்த நம் தேசத்தில் 8 வாரம் காத்திருத்தல் ஆகாது. இரண்டு வாரம் இருமல் நீடித்தால் கோழையைச் சோதிக்கவேண்டும் என்பதே இங்கு அநுசரிக்கப்படும் விதி. இதனை ஒவ்வொரு குடும்பத்தாரும் மனத்திற் பதித்தல் வேண்டும்.

க்ஷயரோகம்

நாட்பட்ட இருமலுக்குரிய காரணங்களுள் முதலில் ஐயுறத்தக்கது க்ஷயரோகம் என்னும் காசநோயாகும். உலகில் ஆண்டுதோறும் இந்நோய்க்கு ஆளாவோரில் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் இந்தியாவிலுள்ளவர்கள். இது பரம்பரையாக வருவதென்றும், பாவத்தின் பயனென்றும் முற்காலத்தில் எண்ணினார்கள். 1882-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் தேதி ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர், இதற்குக் காரணம் ஒரு நுண்கிருமியே என்று பெர்லின் நகரில் எடுத்துக்காட்டினார். நோயாளி இருமும்போதும், தும்மும்போதும், உரக்கப் பேசும்போதும் வெளிப்படும் மிக நுண்ணிய துளிகளில் இக்கிருமி காற்றில் மிதக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் அது நெடுநேரம் தங்குகிறது. அக்காற்றைச் சுவாசிப்போர்க்குத் தொற்றுகிறது. நோயாளி உண்ட பாத்திரத்தாலோ, அவர் உடுத்த துணியாலோ, அவரைத் தொடுவதாலோ இந்நோய் பரவுவதில்லை. ஆதலால் நோயாளிக்குத் தனித் தட்டு வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திய அறையில் அவரோடு உறங்குவோர், வேண்டாததைச் செய்து வேண்டியதை விட்டவராவர்.

இருமலோடு மாலைநேரத்துக் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, கோழையில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்றேனும் சேர்ந்திருக்குமாயின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நீரிழிவுள்ளவர்களும், புகை பிடிப்போரும், மதுபானம் செய்வோரும், போதிய ஆகாரமில்லாதவர்களும் இந்நோய்க்கு எளிதில் இலக்காவார்கள்.

கோழை எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூடியுள்ள சிறு கிண்ணம் கொடுப்பார்கள். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, பிறர் அருகிலில்லாத திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று தடவை ஆழ்ந்து மூச்சிழுத்து, மார்பின் அடியிலிருந்து இருமி வரும் கோழையையே கிண்ணத்தில் துப்பவேண்டும். வாயிலூறும் எச்சிலைக் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லையென்றே முடிவு வரக்கூடும். கோழையை உருப்பெருக்கியில் வைத்துப் பார்ப்பதோடு, கிருமியின் மரபணுக்கூற்றைக்கொண்டு இரண்டு மணி நேரத்திலேயே நோயையும், முக்கியமான ஒரு மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் கூறும் கருவிகள் இப்பொழுது உள்ளன. மார்பின் எக்ஸ்ரே படமும் உடன் எடுக்கப்படும். இச்சோதனைகளும் மருந்தும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

சென்னை கண்ட உண்மை

க்ஷயரோகி வீட்டை விட்டுப் போய்விடவேண்டும் என்னும் அச்சம் இன்னும் நம் ஜனங்களிடையே உள்ளது. அதனாலேயே பலர் நோயை மறைக்கின்றனர். பெண்ணுக்கு வரன் கிடைக்காது, கூலிவேலை போய்விடும், அண்டைவீட்டார் ஒதுக்கிவிடுவார்கள் என்று அஞ்சிக் கோழைச் சோதனைக்கே வர மறுக்கிறார்கள். இவ்வச்சம் ஆதாரமற்றதென்று உலகுக்கு நிரூபித்துக் காட்டிய இடம் நம் சென்னையே என்பதை நம்மவர் பலர் அறியார்.

முற்காலத்தில் இந்நோய்க்கு நல்ல காற்றும், ஓய்வும், ஊட்டமான உணவுமே சிகிச்சையாகக் கருதப்பட்டன. அதற்கென்றே 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பவர் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் நிறுவினார். பின்னர் அதைச் சர்க்கார் ஏற்று நடத்தினர். ஆயினும் நோயாளிகளின் தொகையோ மிகப் பெரிது. படுக்கைகளோ மிகச் சில. நல்ல மருந்துகள் கைக்கு வந்த பிறகு, 1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்தன. சென்னையின் ஏழைமக்களுள் க்ஷயரோகமுற்ற இருநூறுக்குச் சற்றுக் குறைவானவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மற்றப் பிரிவினரை அவரவர் வீட்டிலுமே வைத்து, இருசாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். சானடோரியத்திலிருந்தோர் நல்ல உணவுண்டு ஓய்வாக இருந்தனர். வீட்டிலிருந்தோர் நெருக்கமான குடிசைகளில் குறைந்த உணவோடு காலந்தள்ளினர். சிலர் வேலைக்கும் சென்றனர். 1959-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். அன்றியும், நோயாளி வீட்டிலேயே இருந்ததனால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை. மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் நோயாளி பிறருக்குத் தொற்றவைக்கும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுவதே இதற்குக் காரணம். வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறை உலகெங்கும் பரவுவதற்கு இச்சோதனையே அடிகோலியது.

ஆகவே, ஊருக்கு அபாயம் விளைப்பவர் மருந்துண்ணும் நோயாளியல்லர். சோதனைக்கு வராமல் மறைந்து இருமுகின்றவரே. இவ்வொன்றை ஊரார் உணர்ந்துவிட்டால் மறைப்பதற்குக் காரணமே இராது.

இக்காலத்தில் சாதாரண க்ஷயத்துக்கு 6 மாதம் மருந்துண்ண வேண்டும். முதல் 2 மாதம் நான்கு மருந்துகளும், பின் 4 மாதம் மூன்று மருந்துகளும் நாள்தோறும் கொடுக்கப்படுகின்றன. முதல் மாதம் முடிவதற்குள்ளேயே இருமல் குறைந்து, பசி எடுத்து, உடம்பு தேறும். அப்பொழுது மருந்தை நிறுத்துவது, களையின் தலையைக் கிள்ளிவிட்டு வேரை நிலத்தில் விடுவது போலாகும். எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாய்ப் பெருகி, நீண்ட கடுஞ்சிகிச்சைக்கு இடமாக்கும்.

உணவைப் பற்றியும் ஒரு செய்தி கூறத்தக்கது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டு மாநிலத்தின் நான்கு ஜில்லாக்களில் 2,800 நோயாளிகளையும், அவர்தம் குடும்பத்தார் பதினாயிரம் பேரையும் கொண்டு ஒரு பரீட்சை நடந்தது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள் கொடுக்கப்பட்டது. குடும்பத்தாருள் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தனர். 2023-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, இவ்வுணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாக நோய் காண்பது 39 சதவிகிதம் குறைந்தது. நெல்லும் பயறும் விளைவிக்கும் நம்மவர் இதன் பொருளை ஊன்றி நோக்கவேண்டும். களஞ்சியத்திலிருந்து செல்லும் ஒரு மரக்கால் பயறும் இந்நோய்க்கு ஒரு தடுப்பாகும். சர்க்காரும் சிகிச்சைக் காலத்தில் உணவுக்கென்று நோயாளிக்கு உதவித்தொகை அளிக்கின்றனர். மாதம் 500 ரூபாயாக இருந்த அது 2024-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மிக மெலிந்தவர், மூச்சு வேகமாக வாங்குபவர், பிறர் துணையின்றி நிற்க மாட்டாதவர் ஆகியோரை மட்டும் வீட்டில் வைத்திராமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், இத்தகையோரை முதலிலேயே பிரித்தறிந்து காப்பாற்றும் பொருட்டு ஏற்பட்டதாகும்.

க்ஷயம் போலத் தோன்றும் பிறிதோர் இருமல்

இருமுவோர் யாவரும் க்ஷயரோகிகள் அல்லர். மதனப்பள்ளிக்கு அடுத்த ஆரோக்கியவரம் சானடோரியத்தில் பணியாற்றிய டாக்டர் பிரிமட்-மோல்லரும் அவருடைய தோழரும், க்ஷயரோகிகளென்று அனுப்பப்பட்ட சிலருடைய கோழையில் அக்கிருமி காணப்படாமையையும், அவர்கள் இரத்தத்தில் இயோசினோபில் என்னும் ஒருவகை வெள்ளையணுக்கள் அளவுக்கு மிஞ்சியிருந்தமையையும் கண்டு 1940-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிற்கால ஆராய்ச்சியால், யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களின் குஞ்சுகளை எதிர்த்து உடல் கொள்ளும் மிகையான சினமே இதற்குக் காரணமென்று தெளிவாயிற்று. இரவில், சிறப்பாக நள்ளிரவுக்குப் பின், வறட்டிருமலும் மூச்சு இழுப்பும் உண்டாகி உறக்கம் கெடும், உடலும் மெலியும். ஓர் இரத்தச் சோதனையால் ஐயம் தோன்றும். யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டைஎதில்கார்பமசின் மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் சுமார் 3 வாரம் உண்டால் பெரும்பாலோர் குணமடைவர். இந்நோயாளிக்கு ஆஸ்துமா மருந்தும், க்ஷய மருந்தும் மாதக்கணக்கில் கொடுத்துப் பயன் யாது? காரணத்தை முதலில் அறியவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

களத்துத் தூசியும் பூஞ்சணம் பூத்த வைக்கோலும்

தொழிலால் வரும் இருமல் குடியானவருக்கே உரியது. தானியத்தைப் புடைப்போரும் அளப்போரும் ஓயாமல் இருமுவதை 1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலி தேசத்து ரமட்சினி என்னும் மருத்துவர் தம் நூலில் எழுதிவைத்தார். நெல்லுமியில் மணற்சத்து மிகுதி. கதிரடிக்கும்போதும் தூற்றும்போதும் எழும் தூளில் உமியின் கூரிய துணுக்குகளும், பூஞ்சண வித்துக்களும், பூச்சிகளின் பொடியும் கலந்துள்ளன. அறுவடை இயந்திரத்தின் பின்னே நிற்போரும், அரைவை ஆலையில் மூட்டை சுமப்போரும் இதனை நாள்முழுதும் உட்கொள்கின்றனர்.

இதனினும் கொடியது ஈர வைக்கோலில் மறைந்துள்ளது. குறுவை அறுவடை மழையில் அகப்பட்டால் வைக்கோலை நன்கு உலர்த்தாமலே போர் போட்டுவிடுகிறோம். போரின் உட்புறம் புழுங்கிச் சூடேறுகிறது. அச்சூட்டிலே வளரும் ஒருவகை நுண்ணுயிர்களும் பூஞ்சணங்களும் பல்கிப் பெருகுகின்றன. பின்னர்ப் போரைப் பிரிக்கும்போது வெண்மையான தூள் புகைபோல் எழும். அதைச் சுவாசித்த சிலருக்கு 4 முதல் 8 மணி நேரத்துக்குள் குளிர், காய்ச்சல், இருமல், மூச்சுமுட்டல், உடல்வலி ஆகியவை உண்டாகும். ஓரிரு நாளில் தணிந்துவிடுவதால் அதைச் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிவிடுகிறார்கள். மறுபடியும் போரைப் பிரித்தால் மறுபடியும் வரும். இங்ஙனம் ஆண்டுக்கணக்கில் நிகழின், நுரையீரல் தழும்பேறிச் சுருங்கி, மேட்டில் ஏறவும் மூச்சு போதாத நிலை நேரும். அதன்பின் மருந்தால் பழைய நிலைக்கு மீள்வது அரிது. 1932-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடபாகத்தில், வெஸ்ட்மார்லாந்து வட்டாரத்தில், பூத்த உலர்புல்லைக் கையாண்ட குடியானவரிடம் காம்பெல் என்னும் மருத்துவர் இந்நோயை முதன்முதல் விவரித்தார். உழவர் நுரையீரல் நோய் என்பது இதன் பெயர். இதனைக் கண்டறிவதற்கு மருத்துவருக்குப் பெருந்துணையாவது ஒரு விடையே: “இருமலும் காய்ச்சலும் வருமுன் அன்று என்ன வேலை செய்தீர்?” ஆதலால் மருத்துவர் கேளாவிடினும் தொழிலைச் சொல்லுதல் வேண்டும்.

தடுக்கும் வழிகள் குடியானவர் கையிலேயே உள்ளன. வைக்கோலை உலர்த்தியே போர் போடுக. தரையில் மரக்கட்டைகளைப் பரப்பி அதன்மேல் போரை அமைக்க. நெல்லை 14 சதவிகிதத்துக்கு மேற்படாத ஈரத்தில் சேமிக்க. பூத்த வைக்கோலைப் பிரிக்குமுன் அதன்மேல் தண்ணீர் தெளித்துத் தூளை அடக்குக. தூற்றும்போது காற்றுக்கு எதிர்ப்புறத்தில் நில்லாது, காற்று வரும் பக்கத்தில் நிற்க. வாயையும் மூக்கையும் இறுக மூடும் தூசித்தடுப்பு முகமூடி அணிக. தோளில் கிடக்கும் துண்டு பெருந்தூசியைத் தடுக்குமேயன்றி நுண்ணிய வித்துக்களைத் தடுக்காது. ஒருமுறை இந்நோய் கண்டவர் அவ்வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்தலே நன்று.

அடுப்புப் புகையும் பீடிப் புகையும்

சுருட்டும் பீடியும் கையாலும் தொடாத நம் மாதர்கள், நாற்பது வயதுக்கு மேல் இருமிக் கோழை தள்ளி மூச்சு வாங்குவதைப் பார்க்கிறோம். புகைபோக்கியில்லாத சமையலறையில், ஈர விறகையும் வறட்டியையும் ஊதுகுழலால் ஊதி எரித்த ஆண்டுகளின் பயன் அது. மூச்சுக்குழல் சிறுகச்சிறுகத் தடித்து ஒடுங்கிவிடுகிறது. சமையல் எரிவாயு உள்ள வீடுகளில் வெந்நீர் போடுதற்கும் நெல் அவித்தற்கும் அதையோ திறந்தவெளி அடுப்பையோ உபயோகிக்கலாம். விறகடுப்பே கதியென்பவர்கள் உலர்ந்த விறகு, புகைபோக்கி, எதிரெதிர் ஜன்னல் ஆகிய மூன்றையும் அமைத்துக்கொள்ளல் வேண்டும். பீடியில் இலைச்சுருளாதலால் தீங்கு குறைவென்பது பொய். சிகரெட்டைக்காட்டிலும் தீங்கு குறைந்ததன்று. பீடிக்காரரின் காலை இருமல் வழக்கமானதுதானே என்று விடலாகாது. அவ்விருமலின் தன்மை மாறினாலும், குரல் கம்மினாலும், இரத்தம் கண்டாலும் நுரையீரற் புற்றுநோயை ஐயுற்று உடனே படமெடுத்துப் பார்க்கவேண்டும்.

ஏனைய காரணங்கள்

ஆஸ்துமாவில் இரவிலும் விடியற்காலையிலும் இருமல் மிகும். சிலருக்கு இழுப்பின்றி இருமல் மட்டுமே இருக்கும். மூச்சில் இழுக்கும் மருந்து இதற்குச் சிறந்தது. அது பழக்கமாகிவிடும் என்னும் பயம் வேண்டா. மூக்கிலும் கபாலக் குழிகளிலும் சளி ஊறித் தொண்டைக்குள் வடிவதாலும் இருமல் நீடிக்கும். இரவில் தாமதித்து வயிறார உண்டு உடனே படுப்போர்க்கு இரைப்பையின் புளித்த நீர் மேலெழுந்து இருமலைத் தூண்டும். படுக்குமுன் மூன்று மணி நேரம் முன்னதாக உண்பது உதவும். இரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் எனலாப்ரில், ராமிப்ரில் முதலிய மாத்திரைகள் சிலருக்கு வறட்டிருமலை உண்டாக்கும். அதைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை கொடுப்பார். இருதயம் பலவீனப்பட்டவர்க்குப் படுத்தவுடன் இருமலும், கால்வீக்கமும் காணும்.

சிறு குழந்தைகள் விஷயத்தில் ஒன்று கூறவேண்டும். நிலக்கடலை உரிக்கும் காலத்தில், தவழும் பிள்ளையும் நடைபழகும் பிள்ளையும் பருப்பை வாயிலிட்டு அது மூச்சுக்குழலுள் இறங்கிவிடுவதுண்டு. திடீரென்று புரையேறியபின் தொடங்கிய இருமல் நாட்கணக்கில் நீடித்தால் இதனை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்கவேண்டும். கருவியால் பருப்பை எடுத்தாலன்றி எம்மருந்தாலும் அவ்விருமல் நில்லாது.

இருமல் பாகும் கைமருந்தும்

சுக்கு, மிளகு, தேன் ஆகியவை தொண்டைக்கு இதமளிப்பன. ஜலதோஷ இருமலுக்கு அவை போதும். ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் சத்தை அடியாகக்கொண்டே கோழையை இளக்கும் ப்ரோம்ஹெக்ஸின் என்ற மருந்து ஆக்கப்பட்டது. ஆயின் கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எவ்வகையிலும் கொடுக்கலாகாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து அக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். இம்மருந்துகளில் எதுவும் க்ஷயத்தைத் தீர்க்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இவற்றை நம்பியிருத்தல் தவறு.

கடையில் விற்கும் இருமல் பாகுகளோவெனில், பெரும்பாலும் காரணத்தைத் தீர்ப்பனவல்ல. அவற்றில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் விஷத் திரவம் கலந்ததனால் நேர்ந்த சாவுகளும் உண்டு. 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இத்திரவத்தில் கரைத்து விற்ற வேறொரு மருந்தினால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2022-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் ஏறக்குறைய 70 குழந்தைகளும், 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா ஜில்லாவில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளும் சிறுநீரகம் பழுதுற்று இறந்தமைக்கு விஷம் கலந்த இருமல் பாகே காரணமென்று அறியப்பட்டது. இதன்பின், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் பாகு வேண்டாமென்றும், ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கும் பொதுவாகத் தவிர்க்கவேண்டுமென்றும் மத்திய சுகாதார இலாகா அறிவுறுத்தியது. இருமலை உடனே நிறுத்துவதாகச் சொல்லி ஊர்தோறும் ஊசி போடுவோரிடமும் ஜாக்கிரதை தேவை. அவ்வூசிகளிற் சில பசியையும் தெம்பையும் சில நாள் உண்டாக்கி, உள்ளே நோய் முற்றுவதை மறைத்துவிடும்.

நிலக்காரரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

1. தம் நிலத்தில் வேலைசெய்வோருள் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகின்றவரை, அன்றையக் கூலியைக் கொடுத்து, கோழைச் சோதனைக்கு அனுப்புக. ஒரு நாள் கூலி போய்விடுமே என்னும் எண்ணமே பலரைத் தடுக்கிறது.

2. க்ஷயம் கண்டவரை வேலையிலிருந்து நீக்குவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லுக. சிகிச்சை தொடங்கி, மருத்துவர் அநுமதித்தபின் இலகுவான வேலையில் அமர்த்துக.

3. நோய் கண்ட வீட்டிலுள்ள அனைவரையும், சிறப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை, சோதிக்கச் செய்க. நோயில்லாதவருக்கும் தடுப்பு மாத்திரை உண்டு.

4. நோயாளிக்குரிய உதவித்தொகை சேர வங்கிக் கணக்கும் அடையாளச் சீட்டும் வேண்டும். இவற்றைப் பெறுவதில் எழுத்தறியாதவர்க்குக் கிராம அதிகாரிகள் துணைநிற்க.

5. பஞ்சாயத்துக் கூட்டத்திலும் அறுவடைக்கு முன்னும் தூசித்தடுப்பு முகமூடியின் அவசியத்தை எடுத்துரைக்க. களத்தின் சொந்தக்காரரே அவற்றை வாங்கிக் கொடுத்தல் தக்கது.

6. பாலைக் காய்ச்சியே பருகுமாறு சொல்லுக. க்ஷயமுற்ற பசுவின் பச்சைப்பாலாலும் அந்நோய் மனிதருக்கு வருதல் கூடும்.

7. நோயாளியின் பெயரைச் சாவடியிலும் கடைத்தெருவிலும் பேசாதிருக்க. ஒருவர் பெயர் அம்பலப்பட்டால் அடுத்த பத்துப் பேர் சோதனைக்கு வரமாட்டார்கள்.

விதைத்த தேதியையும், நாற்று நட்ட தேதியையும் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்துவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதே நாட்காட்டியில் வீட்டில் ஒருவருக்கு இருமல் தொடங்கிய நாளையும் குறித்துவைப்பீர்களாக. பதினைந்தாம் நாளிலும் இருமல் நில்லாதிருப்பின், அன்று வயல்வேலையைச் சற்று ஒதுக்கிவிட்டு அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்க. அங்கே கோழையில் ஒன்றுமில்லையென்று முடிவு வந்தாலும் அத்தோடு விடாமல், இருமல் எட்டாம் வாரத்தையும் கடந்தால் மார்புப் படத்தோடும், தாம் செய்யும் தொழிலின் விவரத்தோடும், உண்ணும் மாத்திரைகளோடும் பெரிய ஆஸ்பத்திரியிற் காட்டுக. காரணம் வெளிப்பட்டுவிட்டால் மேற்கூறிய இருமல்களிற் பெரும்பாலானவை தீர்த்துக்கொள்ளவோ அடக்கிவைக்கவோ கூடியவையே.